வீட்டில் ஆமை வளர்க்கிறீர்களா? முதலில் கையைக் கழுவுங்கள்!

பதினோரு மாதக் குழந்தை அது. வெயிலில் போட்ட கீரைத்தண்டு மாதிரி அம்மாவின் தோளில் வாடிக் கிடந்தது.

"மூணாவது தடவையா இப்படிப் போவுது டாக்டர். நீங்க தந்த மருந்துல நிக்குது. பத்து நாள் கழிச்சு மறுபடியும் தொடங்குது."

முதல் இரண்டு தடவையும் நான் அதை மாந்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பல் முளைக்கிற பருவம். புதிதாகச் சோறு ஊட்டத் தொடங்கிய சமயம். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது. எனவே வழக்கமான மருந்துதான் கொடுத்தேன். மூன்றாவது முறை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மலத்தில் இரத்தம் கோடு போட்டிருந்தது. "இனி இங்கே வைத்துப் பார்க்கக் கூடாதம்மா" என்று சொல்லி, அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

அங்கே மலப் பரிசோதனையில் 'சால்மொனெல்லா' என்ற கிருமி இருப்பது தெரிந்தது. உடனே அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஆமை ஏதாவது வளர்க்கிறீர்களா?"

வளர்க்கிறார்கள்! எட்டு வயது மூத்த பையனின் பிறந்த நாளுக்கு மீன் தொட்டிக் கடையில் வாங்கிய குட்டி ஆமை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

"ஆனா இந்தச் சின்னது அந்த ஆமையத் தொட்டதே இல்லியே டாக்டர்!" என்றார் அந்தத் தாய்.

உண்மைதான். குழந்தை ஆமையைத் தொடவில்லை. ஆனால் ஆமை இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவியிருக்கிறார்கள். குழந்தையின் பால் புட்டியைக் கழுவியதும் அதே தொட்டியில்தான். தேய்த்த நாரும் ஒன்றேதான்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு. ஆமையிலிருந்துதான் நோய் வந்தது என்று நூற்றுக்கு நூறு நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஆமைக் கிண்ணம் சமையலறையை விட்டுப் போன பிறகு அந்தக் குழந்தைக்குக் கழிச்சல் திரும்ப வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்தக் குழந்தைதான்.

ஆமைக்கு நோயில்லை, நமக்குத்தான்!

சால்மொனெல்லா என்பது டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வழங்கும் கிருமிக் குடும்பம். கெட்டுப்போன முட்டை, வேகாத கோழி இறைச்சி ஆகியவற்றின் வழியாக இது வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆமை, ஓணான், பாம்பு போன்ற ஊர்வனவற்றின் குடலில் இது சாதாரணமாகக் குடியிருக்கும். அதனால் ஆமைக்கு ஒரு கெடுதலும் இல்லை. நன்றாகத் தின்னும், நீந்தும், தலையை நீட்டி வேடிக்கை பார்க்கும். அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

ஆமையின் கழிவோடு கிருமி தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர்தான் ஆமையின் ஓட்டிலும் தோலிலும் சதா ஊறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி இருக்கலாம். 'ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை' என்று நிம்மதி அடையவும் முடியாது. கிருமி எல்லா நாளும் வெளியேறுவதில்லை. இன்றைக்கு இல்லை என்றால் அடுத்த வாரம் இருக்கும்.

கிருமி நம் வயிற்றுக்குள் போய் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள் ஆகியோருக்குக் கிருமி இரத்தத்திலும் கலந்துவிடக்கூடும். அப்போது விஷயம் விபரீதமாகிவிடும்.

"அப்படியானா ஆமையால டைபாய்டு வருமா டாக்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். டைபாய்டு கிருமியும் இதே குடும்பம்தான் என்றாலும் அது மனிதரிடம் மட்டுமே வாழ்வது. ஆமையிடமிருந்து வருவது அதன் பங்காளி. பங்காளி என்றாலும் குழந்தைகளுக்கு அது சாதாரணப் பகையில்லை.

இது ஏதோ நம்மூர்ப் பயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1970 வாக்கில் குட்டி ஆமை வளர்ப்பது ஒரு பெரிய மோகமாக இருந்தது. வளர்ப்பு ஆமைகளால் ஓராண்டில் சுமார் 2,80,000 பேருக்குச் சால்மொனெல்லா நோய் வந்திருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். 1975-ல் நாலு அங்குல நீளத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். ஏன் நாலு அங்குலம்? அதைவிடச் சின்ன ஆமையைத்தான் பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

தடைக்குப் பிறகும் 2007-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிறந்து நாலே வாரமான ஒரு குழந்தை இந்த நோயால் இறந்துபோனது. அந்த வீட்டுக்குப் பரிசாக வந்த குட்டி ஆமையிடமும் குழந்தையிடமும் இருந்தது ஒரே வகைக் கிருமி. நாலு வாரக் குழந்தை எந்த ஆமையை எடுத்து விளையாடியிருக்கும், சொல்லுங்கள்? பெரியவர்களின் கைதான் கிருமியைச் சுமந்திருக்க வேண்டும்.

திண்ணையில் கூடிய ஆமைக்காரர்கள்

நான் முதலில் சொன்ன குழந்தை குணமானதும் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்தத் தாய்க்கு ஆமை வளர்க்கிற சிநேகிதர்கள் சிலர் உண்டு. செல்போனில் பேசிப் பழகி, 'உங்க ஆமை இன்னைக்குச் சாப்பிட்டுதா?' என்று தினமும் விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமானவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களையெல்லாம் என் வைத்தியசாலைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுக்குக் காப்பியோடு இரண்டு மணி நேரம் ஆமைப் பேச்சுதான்! நானும் அதில் பலதைத் தெரிந்துகொண்டேன்.

பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோட்டாறுக்காரர் பெருமையோடு ஆரம்பித்தார்: "எனக்க ஆமை இட்டிலி தின்னும், பாத்துக்கிடுங்க. காலையில நான் தட்டை எடுத்தா அதுவும் மேசைக்கு வந்திரும்."

"மேசைக்கா? நீங்க சாப்பிடுற மேசைக்கா சார்?" என்று பதறினார் பார்வதிபுரத்திலிருந்து வந்திருந்த ஆசிரியை.

"பின்ன? வீட்டுல நானும் அதுவும்தானே. பிள்ளையளெல்லாம் வெளியூர்ல."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு சங்கடமும் இருந்தது. மனைவி போன பிறகு அந்த ஆமைதான் அவருக்குப் பேச்சுத் துணை. 'தூக்கி எறியுங்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் கூடாது. மனசுக்கு ஆறுதல் தரும் பிராணி வயதானவர்களுக்கு ஒரு மருந்துதான். ஆனால் எழுபது வயதில் கழிச்சல் கண்டால் உடம்பு தாங்காது. ஆகவே அவரிடம் சொன்னேன்: "ஆமை இருக்கட்டும் சார். மேசை வேண்டாம். அதுக்கு முற்றத்துல ஒரு இடம் போடுங்க. நீங்க சாப்பிட்டு முடிச்ச பிறகு அங்க போய் உக்காந்து பேசுங்க. பேசி முடிச்சதும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்க."

"வேப்பிலை போட்ட தண்ணி போதுமா டாக்டர்? நீங்க சித்த வைத்தியராச்சே!" என்றார் ஆசிரியை.

போதாது என்றேன். வேப்பிலைக்கும் மஞ்சளுக்கும் என்னிடம் மரியாதை உண்டு. ஆனால் கையில் ஒட்டிய ஆமைத் தொட்டி அழுக்கை எடுக்கச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து இருபது விநாடி கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் கழுவும்போது பெரியவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். 'கழுவிட்டேன்மா' என்ற சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது.

இட்டிலி தின்னும் ஆமை நலமாக இருக்குமா?

மார்த்தாண்டத்துக் கல்லூரி மாணவர் ஒருவரும் வந்திருந்தார். அவருடைய ஆமைக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. "சாமிக்கு நேர்ந்துகிட்டேன்" என்றார். நேர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆமைக்கு வைத்தியம் பார்க்க எனக்குத் தெரியாது. அதற்குக் கால்நடை மருத்துவர்தான். என் நண்பரான ஒரு கால்நடை மருத்துவர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் உதவும்.

வளர்ப்பு ஆமைக்குக் கண் வீங்குவதற்கு அடிக்கடி காரணமாவது வைட்டமின் 'ஏ' குறைவு. ஓடு மெத்தென்று ஆவதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாமல் போவது. சோறு, இட்டிலி, ரொட்டி, பால் ஆகியவை ஆமையின் உணவே இல்லை. கடையில் விற்கும் காய்ந்த இறாலை மட்டும் கொடுத்து வளர்ப்பதும் சரியில்லை. நீர் ஆமை குட்டியாக இருக்கும்போது பூச்சி, புழு, மீன் ஆகியவற்றை அதிகம் தின்னும். வளர வளர இலை தழைக்கு மாறும். தரையில் வாழும் ஆமையோ முழுக்க முழுக்கப் பச்சைத் தீனிக்காரன். புல், செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ இதெல்லாம் அதற்கு விருந்து.

சாளரத்துக் கண்ணாடி வழியே வரும் வெயில் ஆமைக்குப் போதாது. எலும்பை உறுதிப்படுத்தும் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். காலை வெயிலில் நேரடியாகக் காய வேண்டும். ஒதுங்க நிழலும் வேண்டும். நீர் ஆமை என்றால் ஏறி உட்காரத் தொட்டியில் ஒரு கல் வேண்டும். தரை ஆமையை வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். 'ஆமைன்னா தண்ணிதானே' என்று நினைத்துச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆமையின் ஓடு சட்டை மாதிரி கழற்றி மாட்டுவது இல்லை. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவானதுதான் ஓடு. தொட்டால் அதற்குத் தெரியும். ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது எலும்பில் துளை போடுவதாகும். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

நட்சத்திர ஆமை: ஆசைப்பட்டால் ஜெயில்

பேச்சு நட்சத்திர ஆமைப் பக்கம் திரும்பியது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பரவியிருக்கும் அழகான தரை ஆமை அது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களிலும் இலங்கையிலும் இருக்கிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து ஸ்ரீகூர்மம் கோயிலில் கூர்ம அவதாரத்தின் வடிவமாக நினைத்து நட்சத்திர ஆமைகளைப் பராமரிக்கிறார்கள்.

"வீட்டுல வச்சா லட்சுமி கடாட்சம்னு சொல்லி ஒருத்தர் தரேன்னாரு" என்றார் மாணவர்.

"தம்பி, லட்சுமி வாரதுக்கு முன்னால வனத்துறை வந்திரும்" என்றார் பாங்க்காரர். சரியாகச் சொன்னார்!

நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022-ல் திருத்தப்பட்ட இந்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நட்சத்திர ஆமை, புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. பிடிப்பது, வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2019-ல் உலக நாடுகள் கூடி, வெளிநாட்டு வியாபாரத்துக்கும் கதவைச் சாத்திவிட்டன.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆந்திராவில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைக் குட்டிகள் பிடிக்கப்படுகின்றன என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, தண்ணீரில்லாமல் கடத்துகிறார்கள். நம் வீட்டுக்கு அதிர்ஷ்டம் தர வருவது வழியில் செத்தவை போக மிஞ்சிய ஒன்று.

நம் குளத்திலும் வயலிலும் காணும் பாலாமைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் கிடந்தது என்று பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தால், கண்ட இடத்திலேயே பத்திரமாக விட்டுவிடச் சொல்லுங்கள். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

சில வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்திருக்கின்றன. உங்கள் ஆமை அந்தப் பட்டியலில் வருமா என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

'குளத்துல விட்டுரலாமே!'

கடையில் வாங்கிய சிவப்புக் கோட்டுக் குட்டிக்குச் 'செங்காது ஆமை' என்று பெயர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். சில வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிடும். இருபது, முப்பது வருஷம் உயிரோடிருக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லி விற்பதில்லை.

தொட்டி நாறத் தொடங்கியதும் வீட்டில் பேச்சு எழும்: "பாவம், கொண்டுபோய்க் குளத்துல விட்டுருவோம். புண்ணியமாப் போவும்."

முதலில் சொன்ன குழந்தையின் தாயும் அன்றைக்கு இதைத்தான் கேட்டார். "சுசீந்திரம் தெப்பக்குளத்துல விட்டுரலாமா டாக்டர்?"

தயவுசெய்து விடாதீர்கள்! உலகத்தில் பிற உயிர்களுக்குக் கேடு செய்யும் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. வெயில் காயும் இடத்தையும் இரையையும் நம்மூர் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நோயையும் பரப்பும். ஐரோப்பிய நாடுகள் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டன. பக்கத்துக் கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் இது தென்பட்டது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் வைத்திருப்பவர்கள் வெளியே விடாமல் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டது.

நாஞ்சில் நாடு குளத்தால் வாழ்கிற நாடு. பழையாறும் பேச்சிப்பாறைத் தண்ணீரும் குளம் குளமாக நிரப்பித்தான் நம் வயல் விளைகிறது. நம் சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலையும் 2022-ல் 'ராம்சார்' என்ற உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்தக் குளத்தில் நாம் விடும் ஓர் ஆமை நமக்குப் புண்ணியம் சேர்க்காது. குளத்துக்குத்தான் கேடு சேர்க்கும்.

வளர்க்க முடியவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கேட்டு, பொறுப்பாக வளர்க்கக்கூடிய, சின்னக் குழந்தை இல்லாத இடத்துக்குக் கொடுங்கள். அந்தத் தாயும் அப்படித்தான் செய்தார். அன்றைக்குத் திண்ணையிலேயே முடிவாகிவிட்டது. பார்வதிபுரம் ஆசிரியை வீட்டில் பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, கைக்குழந்தை இல்லை. எட்டு வயதுப் பையன் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவி வருகிறான்.

ஆமையோட்டு மருந்து தருவீர்களா?

இதையும் நான் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு மாந்தம், கழிச்சல் என்றால் 'ஆமையோட்டுப் பற்பம் இருக்கா வைத்தியரே?' என்று பழைய தலைமுறைப் பாட்டிமார் இன்றும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது தப்பில்லை. எங்கள் குணபாட நூல்களில் தாவரம், தாது, சீவம் என்று மூவகை மருந்துப் பொருள் உண்டு. சீவ வகையில் ஆமையோடும் இருக்கிறது. நானும் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதியவன்தான்.

ஆனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, பாதுகாக்கப்பட்ட ஆமையின் ஓட்டை எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். இரண்டு, அது இல்லாமலேயே கழிச்சலைக் கவனிக்க நம்மிடம் வில்வம், மாதுளை ஓடு, சீரகம் என்று நிறைய இருக்கிறது. அந்த நூல்கள் எழுதிய காலத்தில் குளமெல்லாம் ஆமை நிறைந்திருந்தது. இன்று இல்லை. இருப்பதை அழித்துத்தான் மருந்து செய்ய வேண்டும் என்றால் அந்த மருந்து எனக்கு வேண்டாம். சந்தையிலோ கடற்கரையிலோ யாராவது ஆமை ஓடு, ஆமை நெய், ஆமை இரத்தம் என்று மூலத்துக்கும் இரைப்புக்கும் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பச்சை இரத்தத்தில் நோய்க்கிருமி வேறு இருக்கலாம்.

கிணற்றில் ஆமை விடும் பழக்கமும் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் உண்டு. என் பாட்டி வீட்டுக் கிணற்றிலும் ஒரு காராமை கிடந்தது. புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள். பூச்சியைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் தின்றது கழிவாக அதே தண்ணீரில்தானே போகும்? ஆமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

ஆமை வளர்க்கும் வீட்டுக்கு எட்டு விதிகள்

1. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, நோயால் பலவீனப்பட்டவர் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம்.

2. ஆமையையோ தொட்டியையோ தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். வெளியே கழுவுங்கள். அதற்கென்று தனி வாளி, தனி நார் வையுங்கள்.

4. அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள்.

5. சாப்பிடும் மேசை, படுக்கை, சமையல் மேடை ஆகியவற்றில் ஆமையை உலவ விடாதீர்கள்.

6. முத்தம் கொடுப்பது, கன்னத்தோடு வைத்துக் கொஞ்சுவது வேண்டவே வேண்டாம்.

7. தொட்டியைக் கழுவுவது பெரியவர் வேலை. பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

8. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், 'வீட்டில் ஆமை இருக்கிறது' என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். நான் மறந்தேனே!

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்...

முதல் மருந்து தண்ணீர். கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலம் நல்லது. அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அளவு முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, மோர், இட்டிலி கொடுக்கலாம். 'வயித்தைக் காயப் போடணும்' என்று பட்டினி போடாதீர்கள்.

மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், உள்வாங்கிய கண், வற்றிய வாய், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதை ஒரு சித்த மருத்துவன்தான் சொல்கிறேன். கழிச்சலைக் கட்டும் மாத்திரையையும் கிருமிக்கொல்லி மருந்தையும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் எல்லோருக்கும் கிருமிக்கொல்லி தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உருப்படாத வீடு எது?

அன்றைக்குத் திண்ணையில் எழுந்திருக்கும் நேரத்தில் பாங்க்காரர் கேட்டார்: "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுதாவளே டாக்டர், அது நெசமாக்கும்?"

அதற்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் வரக் கூடாத ஆமைகள் கல்லாமை, முயலாமை, பொறாமை என்பார்கள். ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அந்த அப்பாவிப் பிராணிக்கும் நம் வீட்டுக் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. அதனால் அதிர்ஷ்டமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை.

"இன்னும் ரெண்டு ஆமையச் சேத்துக்கிடுங்க சார்" என்றேன். "விசாரிக்காமை ஒண்ணு. கை கழுவாமை ஒண்ணு. இந்த ரெண்டும் வீட்டுக்குள்ள வராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

மனிதர் எழுந்து நேராகக் குழாயடிக்குப் போனார். கை கழுவிவிட்டுத்தான் செருப்பு மாட்டினார்.